ஹோஸ்ட் குடும்பத்தோடு ஒரு கல்வியாண்டு: களுவாஞ்சிக்குடித் தங்கச்சியின் கேள்விக்குப் பதில்

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான். ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) முடித்துவிட்டு ஆகஸ்டில் அமெரிக்காவுக்கு ஒரு கல்வியாண்டு பரிமாற்ற மாணவியாகப் போகிறீர்கள். உங்களைத் தங்கள் வீட்டில் வைத்திருக்கப்போகிற ஹோஸ்ட் குடும்பத்தில் தாய், தகப்பன், 9 வயது மகன், ஒரு நாய். அந்த வீட்டில் எப்படிப் பழகுவது, சாப்பாடும் குளிப்பும் எப்படி இருக்கும், ஒத்துவராவிட்டால் என்ன செய்வது?

முதலில் ஒரு விசயம். நம் பக்கம் நல்ல பிள்ளை என்றால் வாய் திறந்து கேட்காத பிள்ளை. வயிறு பசித்தாலும் சொல்லாது. பெரியம்மா முகத்தைப் பார்த்தே கோப்பையில் சோறு போட்டுவிடுவா. அங்கே முகத்தைப் பார்த்து யாரும் போடமாட்டார்கள். வேண்டியதை அவரவரே சொல்லட்டும் என்று விட்டுவிடுவதுதான் அவர்கள் கொடுக்கும் மரியாதை. நீங்கள் சொல்லாமல் இருந்தால் ஒன்றில் உங்களுக்கு எல்லாம் சரி என்று நினைப்பார்கள், அல்லது அந்த வீட்டை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அங்கே வருகிற பிணக்குகளைத் தோண்டிப் பார்த்தால் அடியில் கிடப்பது பெரும்பாலும் இந்த மௌனம்தான். கீழே எழுதுகிற எல்லாம் இதோடு சேர்ந்ததுதான்.

போகுமுன் செய்யவேண்டியவற்றில் பலரும் கோட்டைவிடுவது தடுப்பூசி. குழந்தைப் பருவத் தடுப்பூசிப் பதிவை ஒரு டொக்டரிடம் கொடுத்து, திகதிகளோடு ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வைத்து வாங்குங்கள். இரண்டு இடத்தில் சிக்கல் வரும். முதலாவது சின்னமுத்து ஊசி. நம் நாட்டில் பலருக்கு முதல் ஊசி 9 மாதத்தில் போடப்பட்டிருக்கும். அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள் ஒரு வயதுக்கு முன் போட்டதைக் கணக்கில் எடுப்பதில்லை, இன்னொன்று போடச் சொல்வார்கள். கொப்பளிப்பான் ஊசி நம் தேசிய அட்டவணையிலேயே இல்லை, அதையும் கேட்கலாம். இரண்டாவது காசநோய்ப் பரிசோதனை. பிறந்தவுடன் போட்ட பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) காரணமாகத் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை சிலருக்கு நோய் இருப்பதுபோல் காட்டிவிடும். அப்போது பதறவேண்டாம், "பிசிஜி போட்டிருக்கிறேன், இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்" என்று கேளுங்கள். அதை பிசிஜி குழப்பாது. பல்லையும் இங்கேயே காட்டி அடைக்கவேண்டியதை அடைத்துவிட்டுப் போங்கள். இந்தத் திட்டங்களின் காப்புறுதியில் பல் வைத்தியம் பொதுவாகச் சேராது. கண்ணாடி போடுகிறவர் என்றால் மேலதிகமாக ஒன்று.

பரிசுப் பொருளுக்கு மருதமுனைக் கைத்தறி நல்ல தெரிவு. பாரம் இல்லை, உடையாது, எங்கள் பகுதியில் நெய்தது என்று சொல்ல ஒரு கதையும் இருக்கும். கஜு கொண்டுபோக விரும்பினால் முதலில் வீட்டில் யாருக்கும் கஜு போன்ற கொட்டைப் பருப்பு ஒவ்வாமை இல்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே அது உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி. கறிவேப்பிலைக்கு அனுமதி இல்லை, தோடை வகை மரங்களுக்கு நோய் பரப்பும் என்று விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். இறைச்சி சேர்ந்த எதுவும் வேண்டாம். கறித்தூளை கடைப் பைக்கற்றில், முத்திரை உடைக்காமல் கொண்டுபோங்கள். பயணப் பெட்டியில் உள்ள சாப்பாட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் சுங்க அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். சொன்னால் போவது சாமான் மட்டும்; மறைத்தால் தண்டப்பணம். ரைஸ் குக்கர் கொண்டுபோகவேண்டாம். நம் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. போனின் சார்ஜர் இரண்டிலும் வேலை செய்யும், பிளக்கை மாற்ற ஒரு அடப்டர் போதும்.

விமானம் ஏறுமுன் குடும்பத்தோடு வீடியோவில் கதைக்கக் கிடைக்கும். அந்தக் கதையில் மூன்று விசயத்தைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்: எதைச் சாப்பிடமாட்டீர்கள், நாய்க்குப் பயமா, உங்களை எப்படிக் கூப்பிடவேண்டும். கடைசியானது சின்ன விசயமாகத் தெரியும். ஆனால் நம் பாஸ்போட்டில் தகப்பன் பெயரும் சேர்ந்து நீளமாக இருக்கும், அவர்கள் எதைக் கூப்பிடுவது என்று திண்டாடுவார்கள். இரண்டு அசையில் ஒரு பெயரைக் கொடுங்கள். அதேபோல அவர்களை எப்படிக் கூப்பிடுவது என்றும் கேளுங்கள். வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்பார்கள். 45 வயது ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்கு நாக்கு எழாது. ஆனால் கூப்பிடாமலே நாட்களைக் கடத்தி, பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமுவதைவிட அது எவ்வளவோ மேல்.

போய்ச் சேர்ந்த முதல் இரண்டு மூன்று நாள் நித்திரை தலைகீழாக இருக்கும், தலை பாரமாக இருக்கும். அந்த நேரத்தில் அவர்கள் சொல்லும் வீட்டு ஒழுங்கு ஒன்றும் மண்டையில் நிற்காது. ஒரு கொப்பியில் எழுதுங்கள், எழுதுவதை அவர்கள் தவறாக எடுக்கமாட்டார்கள். காலையில் குளியலறை யாருக்கு எத்தனை மணிக்கு, வை-ஃபை எத்தனை மணிக்கு நிற்கும், குளிர்சாதனப் பெட்டியில் கேட்காமல் எடுக்கக்கூடியது எது, இரவில் கதவை யார் பூட்டுவது, உடுப்புத் தோய்க்கும் நாள் எது, வெளியே சாப்பிடப் போனால் உங்கள் பங்கை யார் கொடுப்பது. இவற்றை அந்த வாரத்திலேயே கேட்டால் புதிதாக வந்த பிள்ளையின் கேள்வி. மூன்று மாதம் கழித்து, ஏதோ பிழைத்துப்போன பிறகு கேட்டால் அது வாக்குவாதம். பொதுவாகப் படுக்கையும் சாப்பாடும் குடும்பம் தரும்; போன் கட்டணம், சவர்க்காரம், உடுப்பு, பள்ளிச் சுற்றுலா உங்கள் செலவு.

குளியலறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முதல் மனக்கசப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. நம் குளியலறை நிலம் சீமெந்து அல்லது மாபிள், தண்ணீர் ஊற்றினால் ஓட்டையால் ஓடிவிடும். அங்கே தொட்டிக்கு வெளியே தண்ணீர் போக வழியே இல்லை. நிலத்துக்குக் கீழே பலகை, சில வீட்டில் அதற்குக் கீழே இன்னொரு அறையின் கூரை. தொட்டியின் உள்ளே நின்று, திரையின் கீழ்விளிம்பைத் தொட்டிக்கு உள்ளே விட்டுவிட்டுத்தான் ஷவரைத் திறக்கவேண்டும். வெளியே விட்டால் பத்து நிமிடத்தில் நிலம் ஊறி, ஒரு மாதத்தில் பலகை வீங்கும். வாளி இருக்காது. கழுவிப் பழகியவர்கள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தலை அறையிலிருந்து எடுத்துப்போய்ப் பாவியுங்கள், அதுவும் மலசலகூடக் கோப்பைக்கு மேலேயே, நிலம் நனையாமல். மலசலகூடக் கடதாசி கோப்பைக்குள் போகலாம். மாதவிடாய்ப் பஞ்சு போகவே கூடாது, சுற்றிக் குப்பைக் கூடையில்.

சுடுதண்ணீர் ஒரு தாங்கியில் இருந்து வரும். சாதாரண வீட்டுத் தாங்கி 150 முதல் 190 லீற்றர். ஷவர் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 9 லீற்றர் வரை இழுக்கும். நீங்கள் 20 நிமிடம் நின்றால் உங்களுக்குப் பின்னால் வருகிற ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். 8 நிமிடத்தில் முடியுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கிற பழக்கத்தை விடச் சொல்லமாட்டேன், ஆனால் வாரத்தில் ஒரு நாள், தலையணைக்கு மேல் ஒரு பழைய துவாய் விரித்து. குளித்தபின் தொட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாவிட்டால் அடுத்தவர் வழுக்கி விழுவார். ஓட்டையில் சிக்கிய முடியை நீங்களே எடுத்துப் போடுங்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே கட்டியாகிவிடும், போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்தால் இளகும். பழுதாகிவிட்டதென்று எறியவேண்டாம்.

குசினியில் மூன்று எச்சரிக்கை. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் கையால் கழுவுகிற திரவத்தை ஊற்றினால் நுரை பொங்கிக் குசினி முழுக்க ஓடும். அதற்கென்று தனித் தூளோ வில்லையோ இருக்கும். தாளிக்கும்போது செத்தல் மிளகாய் புகைந்தால் கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கை அலறும். முதலில் அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போடுங்கள், நெருப்பைக் குறையுங்கள், பிறகு எண்ணெய். கண்ணாடித் தட்டு அடுப்பில் சீனியோ சர்க்கரைப் பாலோ பொங்கி வழிந்தால் தழும்பு விழும், அது திரும்பப் போகாது. தைப்பொங்கலுக்குப் பொங்க ஆசைப்பட்டால் பாதிக்கு மேல் நிரப்பாத பெரிய பானையில், வழியவிடாமல். பால் பொங்கி வழிவதுதான் மங்களம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள், வழியவிட்டுக் காட்டவேண்டாம்.

சாப்பாட்டில் முதல் தடுக்கல் "வேணாம்" என்ற சொல். இங்கே மூன்று தரம் வேணாம் என்று, நாலாம் தரம் வாங்குவோம். அங்கே ஒரு தரம் வேணாம் என்றால் தட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். இரவு பசியோடு படுத்துவிட்டு, சாப்பாடு தருகிறார்கள் இல்லை என்று அம்மாவுக்கு வொட்ஸ்அப்பில் அழுவதில் நியாயம் இல்லை. கேட்டவுடனே "ஓம், கொஞ்சம் தாங்க, நன்றி" என்று சொல்லப் பழகுங்கள். இராச்சாப்பாடு பின்னேரம் 6 மணியளவில் முடிந்துவிடும். 9 மணிக்குப் பசிக்கும். அந்த நேரம் என்ன எடுத்துச் சாப்பிடலாம் என்று முன்னமே கேட்டுவைப்பது நல்லது.

மாடு சாப்பிடாதவர் என்றால், ஹாம்பர்கர் என்பது மாட்டிறைச்சிதான், பெயரைப் பார்த்துப் பன்றி என்று நினைக்கவேண்டாம். பீற்சாவின் மேலுள்ள பெப்பரோனி பெரும்பாலும் பன்றியும் மாடும் கலந்தது. வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் சூப்புக்கும் சோற்றுக்கும் கோழிச் சாறு ஊற்றுவார்கள், அது இறைச்சி என்று அவர்களுக்குத் தோன்றாது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்திலிருந்து போகிற முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஜெலற்றின் சேர்ந்த இனிப்புகள், மாஷ்மெலோ, ஹலால் இல்லாத கோழி எல்லாம் கேள்வியாக வரும். "பன்றி மட்டும் சாப்பிடமாட்டேன்" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு, போன பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டுவது குடும்பத்தைக் குழப்பும். உண்மையான வரையறை எதுவோ அதைத் தொடக்கத்திலேயே முழுதாகச் சொல்லுங்கள்: மீன், முட்டை, மரக்கறி போதும் என்றால் அப்படியே. நோன்பு கல்வியாண்டின் நடுவில் வரும். சஹருக்கு (விடியுமுன் சாப்பாட்டுக்கு) எழும்பி மைக்ரோவேவ் போடுவதையும், பள்ளியில் விளையாட்டுப் பாடத்தையும் முன்கூட்டியே கதைத்துவைக்கவேண்டும்.

வாரத்தில் ஒரு நாள் நீங்கள் சமையுங்கள். குடும்பத்தோடு நெருங்க இதைவிடக் குறுக்குவழி இல்லை. தொடங்குவதற்குப் பருப்புக்கறி: மைசூர்ப் பருப்பு 1 கப், தண்ணீர் 3 கப், மஞ்சள் அரைத் தேக்கரண்டி, ஒரு பச்சை மிளகாய் கீறாமல் முழுசாக, வெங்காயம், உள்ளி. பருப்பு அவிந்ததும் ரின்னில் வரும் தேங்காய்ப்பால் அரைக் கப், உப்பு கடைசியில். கொச்சிக்காய்த் தூளை உங்கள் கோப்பைக்கு மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சம்பலுக்குச் சீனி சேர்க்காத உலர் தேங்காய்த் துருவலைக் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறவிட்டால் கிட்டத்தட்ட வரும். சமைத்து முடிந்தபின் குசினியைத் துடைத்து வைப்பதும் சமையலின் பாகம்.

உடுப்புத் தோய்ப்பது வாரம் ஒரு முறை. நம் பற்றிக், கைத்தறி உடுப்புகள் முதல் தோய்ப்பில் சாயம் விடும், குடும்பத்தாரின் வெள்ளைகளோடு போடவேண்டாம். உலர்த்தும் இயந்திரம் பருத்தியைச் சுருக்கும். சல்வாரைத் தோளில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். ஒவ்வொரு தரமும் இயந்திரத்தின் பஞ்சு வடியை வெறுமையாக்குங்கள், அடைத்தால் தீப்பிடிக்கலாம்.

குளிர்காலத்தில் வீட்டை 68 பாகை பரனைட்டில், அதாவது 20 பாகை செல்சியசில் வைத்திருப்பார்கள். நமக்கு அது நடுக்கம். சுவரிலுள்ள வெப்பமானியைத் தொடாதீர்கள், காசு அவர்களுடையது. இன்னொரு போர்வை கேளுங்கள், மேசு போடுங்கள். மருந்து விசயத்தில் ஒன்று: பனடோலும் அங்கே விற்கும் டைலனோலும் ஒரே மருந்து. இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. பள்ளிப் பையில் குளிசை கொண்டுபோவதையும் பல பள்ளிகள் அனுமதிப்பதில்லை, தாதியிடம் கொடுத்துவைக்கவேண்டும்.

இனி, அறைக் கதவு. நம் வீட்டில் பிள்ளை அறைக்குள் இருந்தால் படிக்குது என்று பெருமைப்படுவார்கள். அங்கே மூடிய கதவு, என்னை விடுங்கள் என்று சொல்வது. பாடசாலையால் வந்து நேரே அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு ஊர்க்காரரோடு போனில் கதைப்பதுதான் குடும்பங்கள் பரிமாற்றத் திட்டத்தின் உள்ளூர் இணைப்பாளரிடம் சொல்லும் முறைப்பாடுகளில் அடிக்கடி வருவது. வீட்டுப்பாடத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்யுங்கள். பொடியனோடு அரைமணி பந்து அடியுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைதான் உங்கள் ஆங்கிலத்தைச் சிரிக்காமல் திருத்தும் முதல் வாத்தியார். "இன்றைக்கு எப்படி?" என்று தாய் கேட்டால் "நல்லம்" என்று நிறுத்தாமல் ஒரு சங்கதி சொல்லுங்கள், சின்னதாக இருந்தாலும். பிறகு திருப்பிக் கேளுங்கள். நம்மைப்போல் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் அவர்களுக்கு அது ஓமா இல்லையா என்று விளங்காது, வாயால் சொல்லவேண்டும்.

ஊருக்குப் போன் எடுப்பதற்கு நேரம் குறியுங்கள். கிழக்குக் கரை மாநிலம் என்றால் கோடையில் இலங்கைக்கும் அங்கேக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை பத்தரை. ஞாயிறு காலை எட்டரைக்கு எடுத்தால் இங்கே பின்னேரம் 6 அல்லது 7, வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். வாரம் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. ஒவ்வொரு நாளும் எடுத்தால் மனம் ஆறாது. உடம்பு அங்கேயும் மனம் களுவாஞ்சிக்குடியிலுமாகக் கிடக்கும். மிகக் கடினமான காலம் பொதுவாக முதல் வாரமாக இருக்காது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை, புதுமை தீர்ந்து, ஐந்து மணிக்கே இருட்டி, அவர்கள் தங்கள் பண்டிகைகளில் மூழ்கும் போதுதான் அடிக்கும். அந்த மாதங்களுக்கென்று ஒரு விளையாட்டிலோ இசைக் குழுவிலோ செப்டெம்பரிலேயே சேர்ந்துவிடுங்கள்.

ஏதாவது மனதைக் குத்தினால் அதே வாரத்தில், அமைதியான நேரத்தில், தாயிடம் சொல்லுங்கள். நடந்ததைச் சொல்லி, உங்களுக்கு எப்படி இருந்தது என்று சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்கவேண்டும்: "நாய் என் கட்டிலில் ஏறுகிறது, எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, என் அறைக் கதவைச் சாத்தி வைக்கலாமா?" இவ்வளவு போதும். ஞாயிறு தேவாலயத்துக்குக் கூப்பிட்டால் ஒரு தரம் பார்க்கப் போவதில் குறைவில்லை, ஆனால் உங்கள் சமயத்தை மாற்றச் சொல்லவோ கட்டாயப்படுத்தவோ யாருக்கும் உரிமை இல்லை. வெளியே போனால் எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவது என்ற மூன்றையும் சொல்லிவிட்டுப் போங்கள். வாகனம் ஓட்டுவது திட்டத்தில் தடை; சிநேகிதியின் காரை முற்றத்தில் உருட்டிப் பார்ப்பதும் சேர்த்தி.

பேசியும் சரிவராவிட்டால் இணைப்பாளர் இருக்கிறார். அமெரிக்கச் சட்டப்படி உங்கள் உள்ளூர் இணைப்பாளர் அந்த வீட்டிலிருந்து 120 மைலுக்குள் இருக்கவேண்டும், மாதம் ஒரு தரமாவது உங்களோடும் குடும்பத்தோடும் தொடர்பு கொள்ளவேண்டும். அந்த மாதப் பேச்சில் எல்லாம் நல்லம் என்று சொல்லிவிட்டு ஐந்தாம் மாதம் வெடிக்காதீர்கள். உங்களுக்குத் தனிக் கட்டில் இருக்கவேண்டும், பாஸ்போட் உங்களிடமே இருக்கவேண்டும். மேசையைத் துடைப்பது, வாரம் ஒரு தரம் தூசு தட்டுவது வீட்டு வேலை. ஒவ்வொரு பின்னேரமும் பிள்ளையைப் பார்க்க உங்களை விட்டுவிட்டுப் போவது வேறு, அதைச் சொல்லவேண்டும். யாராவது விருப்பமில்லாமல் தொட்டால், அறைக்குள் கேட்காமல் வந்தால், சாப்பாட்டை மறுத்தால், பாஸ்போட்டை வாங்கி வைத்தால் காத்திருக்கவேண்டாம். அன்றைக்கே இணைப்பாளர், அவர் எடுக்காவிட்டால் திட்டம் தந்த அட்டையில் உள்ள 24 மணிநேர எண், உயிருக்கு ஆபத்து என்றால் 911 என்ற அவசர எண். வீடு மாறுவது வெட்கம் இல்லை. இந்தப் பரிமாற்ற மாணவர் விசாவில் குடும்பங்கள் சம்பளம் வாங்காமல் தாமாக முன்வந்து வைத்திருப்பவர்கள். நல்ல மனிதர்களாக இருந்தும் பொருந்தாமல் போகலாம்.

ஜப்பானுக்குப் போகும் உங்கள் சிநேகிதிக்கு இரண்டு வரி. அங்கே தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சவர்க்காரம் போட்டு முழுதாகக் கழுவிய பிறகுதான் தொட்டிக்குள் இறங்கவேண்டும். அதே தண்ணீரில்தான் வீடே குளிக்கும், அடைப்பைக் கழற்றக்கூடாது. மலசலகூடத்துக்குத் தனிச் செருப்பு இருக்கும், அதோடு வெளியே வரக்கூடாது.

உங்கள் அம்மா அப்பாவுக்கும் இதைக் காட்டுங்கள். மாதம் ஒரு தரம் ஹோஸ்ட் தாய்க்கு நாலு வரி நன்றி எழுதினால் போதும். நீங்கள் அழுது போன் எடுத்த அன்றிரவே அவர்கள் நேரே அந்தக் குடும்பத்துக்குக் குறை சொல்லி எழுதக்கூடாது. முதலில் உங்களிடம் "நீ அவர்களிடம் சொன்னாயா?" என்று கேட்கவேண்டும். இல்லை என்றால் சொல்லவைக்கவேண்டும். அதற்கும் சரிவராவிட்டால் இலங்கையில் உங்களை அனுப்பிய அலுவலகத்துக்கு எழுதட்டும், அவர்கள் அங்குள்ள இணைப்பாளரைப் பிடிப்பார்கள். உங்கள் பாதுகாப்புச் சம்பந்தப்பட்டது என்றால் மட்டும் இந்த ஒழுங்கைப் பார்க்காமல் அந்த நிமிடமே அலுவலகத்துக்குப் போன் எடுக்கட்டும்.